கன்னத்தில் பல் உள்ள தேனீ: ஒரு வியர்வைத் தேனீயை இனங்காணும் வழி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கோடைக்காலத்தில் சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்களைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு, கறுத்த உடலும் வயிற்றில் வெளிர்நிறப் பட்டைகளும் கொண்ட, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள தேனீ ஒன்று அடிக்கடி கண்ணில் படும். அதற்கு ஹாலிக்டஸ் லிகேட்டஸ் என்று பெயர். வட அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் வியர்வைத் தேனீக்களில் இதுவும் ஒன்று. அரிய இனம் அன்று. ஆனாலும் ஒரு தேனீயைக் கையில் வைத்துக்கொண்டு அது இந்த இனம்தான் என்று எழுத எவ்வளவு சான்று வேண்டும், அந்தச் சான்று எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதைப் புதியவர்களுக்கு விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

முதலில் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வியர்வைத் தேனீக்கள் ஹாலிக்டிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் சில இனங்கள் மனிதத் தோலில் வந்தமர்ந்து, வியர்வையில் உள்ள உப்பையும் ஈரத்தையும் நக்குவதால் இப்பெயர் வந்தது. எல்லா இனங்களும் அப்படிச் செய்வதில்லை. உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் 4,400-க்கும் அதிகமானவை இக்குடும்பத்தவை. பெரும்பாலானவை மண்ணைத் தோண்டிக் கூடு கட்டுபவை. தேனடை கட்டுவதில்லை, நாம் எடுத்து உண்ணும்படி தேன் சேர்ப்பதும் இல்லை. பளபளக்கும் பச்சை நிற இனங்கள் இக்குடும்பத்தில் பல உண்டு. ஒளிப்படம் எடுப்பவர்களின் கவனமெல்லாம் அவற்றின் மேல்தான். கறுப்பும் பழுப்புமான இனங்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் ‘ஏதோ ஒரு சிறு தேனீ’ என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன.

வகைப்பாடு, இனங்காணல் என்ற இரண்டு பணிகளையும் புதியவர்கள் ஒன்றாகவே எண்ணிவிடுவது வழக்கம். உயிரினங்களை அவற்றின் பரம்பரை உறவை அடிப்படையாகக் கொண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் எல்லையையும் வரையறுப்பது வகைப்பாடு. அவ்வாறு வரையறுக்கப்பட்ட குழுக்களில் நம் கையில் உள்ள ஓர் உயிரி எதில் அடங்கும் என்று கண்டுசொல்வது இனங்காணல். முதலாவது மாறினால் இரண்டாவதும் மாறியே தீரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் சரியாக இனங்காணப்பட்ட ஒரு மாதிரிக்கு இன்று வேறு பெயர் எழுத நேர்வது இதனால்தான். ஹாலிக்டஸ் லிகேட்டஸின் கதையில் அது உண்மையாகவே நடந்தது.

இனங்காணும்போது மேல்நிலையிலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க வேண்டும். கையில் உள்ளது தேனீதானா என்பதே முதல் கேள்வி. பூக்களில் உலவும் பட்டை போட்ட ஈக்கள் பல தேனீயின் தோற்றத்தைக் கொண்டவை. ஆனால் ஈக்கு ஓரிணை இறக்கைகள்தாம் உண்டு, தேனீக்கு இரண்டு இணைகள். ஈயின் உணர்கொம்பு பெரும்பாலும் மிகக் குட்டையாக இருக்கும். தேனீயின் உணர்கொம்பு நீண்டு, நடுவில் முழங்கை மடித்தது போல வளைந்திருக்கும். குளவியிலிருந்து தேனீயைப் பிரித்தறிய உடல் மயிர் உதவுகிறது. தேனீயின் மயிர்களில் சிலவேனும் நுண்ணோக்கியில் கிளைவிட்டுத் தெரியும். குளவியின் மயிர்கள் கிளையற்றவை. பின்கால்களில் மகரந்தம் அப்பியிருந்தால் இந்தப் படியை ஐயமின்றித் தாண்டிவிடலாம்.

அடுத்தது குடும்பம். ஹாலிக்டிடேயின் பெரும்பாலான உறுப்பினர்களைக் காட்டிக்கொடுப்பது முன்னிறக்கையின் ஒரு நரம்பு. இறக்கையின் அடிப்பகுதியிலிருந்து நடுப்பகுதியை நோக்கிப் பார்த்து வரும்போது குறுக்கே செல்லும் அடிநரம்பு, பிற குடும்பங்கள் பலவற்றில் நேராகவோ மெல்ல வளைந்தோ இருக்க, இக்குடும்பத்தில் வில்லைப் போல அழுத்தமாக வளைந்திருக்கும். இதைக் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நல்ல கைலென்ஸும் இறக்கை விரிந்த மாதிரியும் போதும். இத்துடன் முகத்தையும் பார்ப்பது நல்லது. ஒவ்வோர் உணர்கொம்பின் அடியிலிருந்தும் கீழ்நோக்கி ஒரே ஒரு பொருத்துக்கோடு இறங்கினால் அது ஹாலிக்டிடேக்குப் பொருந்தும். இதே அளவும் நிறமும் கொண்டு புதியவர்களை அதிகம் குழப்பும் ஆண்ட்ரீனா பேரினத்தில் அத்தகைய கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். அதன் பெண்களுக்கு உணர்கொம்புக்கும் கண்ணுக்கும் இடையில் வெல்வெட் போன்ற மயிரடர்ந்த பள்ளம் ஒன்றும் காணப்படும்.

ஆணா பெண்ணா என்பதை இந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை தேர்ந்து பெயரை வந்தடைய உதவும் திறவுகோல்கள் பெரும்பாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதால், பால் தவறினால் அதன்பின் வரும் விடைகள் அனைத்தும் தவறும். பெண் தேனீயின் உணர்கொம்பில் 12 கணுக்கள், ஆணுக்கு 13. வயிற்றின் மேற்புறத்தில் பெண்ணுக்கு வெளித்தெரியும் தகடுகள் ஆறு, ஆணுக்கு ஏழு. பின்காலில் மகரந்தம் சுமக்கும் அடர்ந்த மயிர்ப்பகுதி பெண்ணுக்கே உரியது. ஆனால் இந்த மயிர் இல்லை என்பதாலேயே ஆண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ஃபெகோடெஸ் பேரினத்துப் பெண்கள் பிற தேனீக்களின் கூட்டில் முட்டையிட்டு, அங்குச் சேர்த்து வைக்கப்பட்ட உணவில் தம் குஞ்சுகளை வளரவிடுபவை. மகரந்தம் சுமக்கும் தேவையே இல்லாததால் அவற்றின் கால்கள் வெறுமையாக இருக்கும். கணுக்களை எண்ணுவது சலிப்பான வேலைதான். ஆனாலும் அதற்கு மாற்று இல்லை.

பேரினத்தைப் பிரித்தறிவதில் வட அமெரிக்காவில் முக்கியமான கேள்வி ஒன்றே: ஹாலிக்டஸா, லாசியோகுளோசமா? இரண்டுமே மண்ணில் கூடு கட்டுபவை. இரண்டின் பெண்களுக்கும் வயிற்று நுனியில், ஐந்தாம் தகட்டின் நடுவே, மயிரற்ற நீள்பள்ளம் ஒன்று இருக்கும். அந்தப் பள்ளத்தைக் கண்டால் ஆண்ட்ரீனா இல்லை என்பது இன்னொரு முறை உறுதியாகும். இரண்டையும் வேறுபடுத்துவது பட்டை அமைந்துள்ள இடம். ஹாலிக்டஸில் வெளிர்மயிர்ப் பட்டை ஒவ்வொரு வயிற்றுத் தகட்டின் பின்விளிம்பில் அமைந்திருக்கும். லாசியோகுளோசத்தில் பட்டை இருந்தால் அது தகட்டின் முன்பக்கத்தில், அதாவது அடிப்பகுதியில் இருக்கும்; முந்தைய தகடு அதைப் பாதி மறைத்துவிடுவதும் உண்டு. ஒளிப்படத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரிய வாய்ப்புண்டு. ஆகவே தகட்டின் விளிம்பை முதலில் தேடிக் கண்டுகொண்டு, பட்டை அதற்கு முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பார்க்க வேண்டும். பட்டை தேய்ந்துபோன முதிய தேனீயாக இருந்தால் இறக்கைக்குத் திரும்ப வேண்டியதுதான்: ஹாலிக்டஸின் இறக்கையில் நரம்புகள் யாவும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்துடன் தெரியும், லாசியோகுளோசத்தில், குறிப்பாகப் பெண்களில், வெளிப்புறக் குறுக்கு நரம்புகள் நலிந்து மங்கியிருக்கும்.

இதுவரை வந்தவருக்கு ஒரு நற்செய்தி உண்டு. லாசியோகுளோசம் நூற்றுக்கணக்கான இனங்களைக் கொண்ட, வல்லுநர்களையே திணறடிக்கும் பேரினம். வட அமெரிக்காவின் ஹாலிக்டஸ் இனங்களோ மிகச் சில. அவற்றுள்ளும் ஹாலிக்டஸ் கன்ஃபியூசஸ் போன்றவை மெல்லிய பசும்பளபளப்புக் கொண்டவை என்பதால், உலோகப் பளபளப்பற்ற கறுப்பு உடல் என்று கண்டவுடன் அவை விலகிவிடும். மிஞ்சுபவற்றில் அளவாலும் நிறத்தாலும் அருகில் வருவது ஹாலிக்டஸ் ரூபிகண்டஸ். 1791-இல் பெயரிடப்பட்ட இவ்வினம் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய மூன்றிலும் வாழ்கிறது. பெண்ணின் பின்கால்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருப்பது அதன் எடுப்பான அடையாளம்.

கடைசிப் படிக்கு ஹாலிக்டஸ் லிகேட்டஸ் பெண்ணின் தலையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். கூட்டுக்கண்ணுக்குப் பின்னால் உள்ள பகுதியைக் கன்னம் என்று சொல்லலாம். இவ்வினத்தில் அக்கன்னம் அகன்று, அதன் கீழ்ப்புறப் பின்விளிம்பு ஒரு கூரிய பல்லாக நீண்டிருக்கும். ரூபிகண்டஸ் பெண்ணுக்கு இந்தப் பல் கிடையாது. ஒடோன்டாலிக்டஸ் என்னும் துணைப்பேரினத்தில் லிகேட்டஸை வைத்ததற்கும் இந்தப் பல்லே அடையாளம். அகன்ற தலை, பற்கொண்ட கன்னம், பின்விளிம்புப் பட்டை, பளபளப்பற்ற உடல் ஆகிய நான்கும் ஒருசேர அமைந்தால் ஒன்டாரியோவில் பிடிபட்ட பெண் தேனீக்குப் பெயர் எழுதிவிடலாம். ஆண்களின் நிலை வேறு. அவை மெலிந்த உடலும் நீண்ட உணர்கொம்பும் மஞ்சள் கால்களும் கொண்டவை. அவற்றுக்குரிய திறவுகோலில் வயிற்றின் அடித்தகடுகளையும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் பார்க்க வேண்டி வரும்.

பல்லின் அளவு எல்லாப் பெண்களிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இங்கே ஒரு சிக்கல். அதைப் புரிந்துகொள்ள இத்தேனீயின் வாழ்க்கைச் சுழற்சியை அறிய வேண்டும். முந்தைய ஆண்டின் இறுதியில் புணர்ந்து குளிர்காலத்தைக் கழித்த பெண், வசந்தத்தில் தனியாக மண்ணில் வளை தோண்டி, அறைகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் மகரந்தமும் பூந்தேனும் கலந்த உருண்டை வைத்து முட்டையிடும். கோடையின் முற்பகுதியில் வெளிவரும் முதல் ஈட்டில் பெரும்பாலும் வேலைக்காரிகள். அவை உணவு சேகரிக்க, தாய் அரசியாகக் கூட்டிலேயே தங்கி முட்டையிடும். இரண்டாம் ஈட்டில் ஆண்களும் வருங்கால அரசிகளும் பிறக்கின்றன. குளிர் வந்ததும் புணர்ந்த இளம் அரசிகளைத் தவிர மற்றெல்லாம் மடிகின்றன. அரசிகள் வேலைக்காரிகளைவிடத் தெளிவாகப் பெரியவை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, உடல் பெருக்கும் வீதத்தைவிடத் தலை பெருக்கும் வீதம் அதிகம் என்பது. ஆகவே பெரிய அரசியின் கன்னத்தில் பல் துருத்திக்கொண்டு நிற்க, சிறிய வேலைக்காரியில் அது அவ்வளவு எடுப்பாகத் தெரிவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் புதியவர்கள் இரு வேறு இனங்கள் என்றே சொல்வார்கள்.

தோற்றம் இவ்வளவு வேறுபட்டும் ஒரே இனமாக இருப்பதற்கு இது சான்று. இதற்கு நேரெதிரான நிலையும் இதே தேனீயில் வெளிப்பட்டது.

அமெரிக்காவின் தென்கிழக்கிலும் கரீபியத் தீவுகளிலும் கன்னத்தில் பல் கொண்ட ஹாலிக்டஸ் உண்டு. நீண்ட காலமாக அவையும் லிகேட்டஸ் என்றே எழுதப்பட்டு வந்தன. ஏனென்றால் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் வடக்கத்தியத் தேனீக்கும் தெற்கத்தியத் தேனீக்கும் இடையே நம்பத்தகுந்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 1990-களின் நடுவில் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் பேக்கரும் அவருடன் பணியாற்றிய கார்மனும் இத்தேனீக்களின் நொதிகளை ஜெல்லில் இட்டு, மின்சாரம் செலுத்தி நகரவிட்டு ஒப்பிட்டனர். ஒரே நொதியின் மரபுவழி வடிவங்கள் வேறுபட்டால் அவை ஜெல்லில் வெவ்வேறு தொலைவுக்கு நகரும். ஓரிடத்தில் வாழும் தேனீக்கள் தமக்குள் இனக்கலப்புச் செய்தால், தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து மற்றொன்றும் பெற்ற பெண்கள் அங்கே தென்பட வேண்டும். தேனீக்களில் ஆண்கள் கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் இந்தச் சோதனைக்குப் பெண்களே உரியவர்கள். கிடைத்த முடிவு, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு தனி இனங்கள் ஒரே தோற்றத்துடன் வாழ்கின்றன என்பதே. 1998-இல் பிரையன் டான்ஃபோர்த்தும் பேக்கரும் மற்றொருவரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டுச் செய்த ஆய்வும் இப்பிரிவை உறுதிப்படுத்தியது. இத்தகைய இணைகளை மறை இனங்கள் என்று குறிப்பிடலாம்.

இரண்டாவது இனத்துக்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை. விலங்குகளின் பெயரிடல் விதிகளின்படி, ஓர் இனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டிருந்தால் முந்தியதே செல்லும். பிந்தியது இணைப்பெயராக ஒதுக்கி வைக்கப்படும். ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர் அழிந்துவிடுவதில்லை. பின்னாளில் அந்த இனம் இரண்டாகப் பிரிந்தால், புதுப்பெயர் சூட்டும் முன் பழைய இணைப்பெயர்களில் பொருந்துவது உண்டா என்று பார்த்தாக வேண்டும். ஹாலிக்டஸ் லிகேட்டஸ் என்பது அமெரிக்கப் பூச்சியியலின் முன்னோடியான தாமஸ் சே வைத்த பெயர். இன்டியானாவில் வாழ்ந்த அவர் 1834-இல் இறந்த பிறகு, 1837-இல் அது அச்சேறியது. 1841-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லெப்பெலெத்தியே, கியூபாவிலிருந்து கிடைத்த தேனீக்கு, அந்நாட்டு இயற்கையியலாளர் ஃபெலிப்பே போயியின் பெயரால் ஹாலிக்டஸ் போயி என்று பெயரிட்டிருந்தார். லிகேட்டஸுக்குள் அடங்கிக் கிடந்த அப்பெயரையே தெற்கத்திய இனத்துக்கு மீட்டெடுத்தார்கள்.

இனப்பெயரை முழுமையாக எழுதும்போது ‘ஹாலிக்டஸ் லிகேட்டஸ் சே, 1837’ என்று பெயரிட்டவரையும் ஆண்டையும் சேர்ப்பது வழக்கம். பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் வந்தால், அவர் அந்த இனத்தை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்று பொருள். அகாபோஸ்டெமான் விரெசென்ஸ் (ஃபாப்ரிசியஸ், 1775) என்ற பச்சை வியர்வைத் தேனீயைப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் முதலில் வேறொரு பேரினத்தில்தான் வைத்தார். ஓர் அடைப்புக்குறியைக் கொண்டே அந்த இடமாற்றத்தை அறிந்துகொள்ளலாம்.

பெயர் பிரிந்ததால் ஏற்பட்ட விளைவு பட்டியலோடு நின்றுவிடவில்லை. பேக்கரும் நேரர் என்ற ஆய்வாளரும் 1980-களில் தென் ஃபுளோரிடாவில் இத்தேனீயின் வாழ்க்கையை ஆராய்ந்து, அங்கே ஒன்டாரியோவைப் போலக் கட்டாயக் குளிர்கால ஓய்வு இல்லை, ஆண்டு முழுவதும் கூடு கட்டும் வேலை தொடர்கிறது என்று எழுதியிருந்தனர். அப்போது அது ஒரே இனம் தட்பவெப்பத்துக்கேற்ப நடத்தையை மாற்றிக்கொள்வதற்கான எடுத்துக்காட்டாகப் படிக்கப்பட்டது. இனம் இரண்டாகப் பிரிந்தபின் ஃபுளோரிடாவின் தேனீ போயி ஆகிவிட்டது. ஆகவே அந்த ஒப்பீடு இப்போது இரண்டு இனங்களுக்கு இடையிலானது. பழைய ஆய்வுகளில் லிகேட்டஸ் என்ற பெயரைக் காண்பவர் அது எந்த ஊரில் பிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊர் குறிப்பிடப்படாத ஆய்வு இந்தக் காரணத்தாலேயே பயனிழந்துவிடுகிறது.

மரபணுச் சோதனை செய்ய முடியாத ஒருவர் லிகேட்டஸையும் போயியையும் பிரிக்கக் கையில் உள்ள ஒரே சான்று இடம்தான். ஒன்டாரியோவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ பிடிபட்டால் லிகேட்டஸ்; ஃபுளோரிடாத் தீபகற்பத்தில் என்றால் போயி. ஜார்ஜியா, கரோலினா மாநிலங்களில் இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அங்கே இடமும் உதவாது. டி.என்.ஏ. பட்டைக்குறி என்னும் முறையை 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் முன்வைத்தனர், சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமுள்ள பகுதியைப் படித்து, ஏற்கெனவே உள்ள தொகுப்போடு ஒப்பிடுவது அதன் செயல்முறை. ஒரு காலைத் துண்டித்து அனுப்பினாலும் சோதனைக்குப் போதும், மாதிரியின் எஞ்சிய பகுதி சேதமின்றித் தங்கும். ஆனால் ஒப்பிடும் தொகுப்பில் உள்ள பெயரே தவறாக இருந்தால் விடையும் தவறாகவே வரும். அந்தப் பெயரை எழுதியவர் முன்பு நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த ஒரு மனிதர்தான்.

ஒளிப்படத்தை மட்டும் வைத்து இனங்காண விரும்புபவர்கள் பூவின் மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கூடாது. முகத்தை நேர் எதிரிலிருந்து ஒன்று, கன்னப் பல் தெரியத் தலையைப் பக்கவாட்டில் ஒன்று, பட்டைகள் தகட்டின் எந்தப் பக்கம் என்று தெரிய வயிற்றை மேலிருந்து ஒன்று, நரம்புகள் தெரிய விரிந்த இறக்கை ஒன்று, பின்கால் ஒன்று என எடுத்தால் மேலே சொன்ன படிகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடலாம். இடம், நாள், தேனீ அமர்ந்திருந்த பூவின் பெயர் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்வது படங்களைப் போலவே இன்றியமையாதது. மாதிரியாகச் சேகரிக்கும்போது, மகரந்தமும் ஈரமும் ஒட்டிய மயிர் பட்டையின் உண்மையான இடத்தை மறைத்துவிடும் என்பதால், கழுவி உலர்த்திய பிறகே ஊசியில் குத்த வேண்டும்.

இங்கே சொன்ன கடைசிப் படிகள் வட அமெரிக்காவுக்கு மட்டுமே உரியவை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஹாலிக்டிடே குடும்பத் தேனீக்கள் உண்டு. வில் போன்ற அடிநரம்பு, உணர்கொம்பின் கணுக்கள், பட்டையின் இடம் ஆகிய மேல்நிலை அடையாளங்கள் இங்கும் பயன்படும். ஆனால் அமெரிக்கத் திறவுகோலை நம் ஊர்த் தேனீயின் மேல் வைத்து இனம்வரை இறங்கினால், இங்கு இல்லவே இல்லாத ஓர் இனத்தின் பெயரில் போய் நிற்க நேரும். திறவுகோல் தனக்குள் அடங்கிய பெயர்களில் ஒன்றைத்தான் விடையாகத் தரும். ‘இது என் பட்டியலிலேயே இல்லாத தேனீ’ என்று அது சொல்லாது.

ஜார்ஜியாவில் பிடிபட்டு, கன்னத்தில் தெளிவான பல்லுடன், மரபணுச் சோதனை செய்யப்படாமல் இருக்கும் ஒரு பெண் தேனீயின் பெயர்ச்சீட்டில் ‘ஹாலிக்டஸ் லிகேட்டஸ் அல்லது போயி’ என்று எழுதி, கீழே ஊரையும் நாளையும் சேகரித்தவர் பெயரையும் சேர்ப்பதே சரியான இனங்காணல். பின்னால் வருபவர் அதன் காலொன்றை எடுத்துச் சோதித்து முடிவைக் கண்டால், பழைய சீட்டை அகற்றாமல் அதே ஊசியில் அதன்கீழ் இன்னொரு சீட்டைக் குத்தி வைப்பார்.